சாவி கிடைத்த அன்று ராத்திரி எங்கே படுப்பது?

தெருவில் இருந்த முன்னாள் படைவீரர் ஒருவருக்கு அபார்ட்மென்ட் கிடைத்தால் ஒரு ஃபோட்டோ எடுப்பார்கள். அவர் கையில் சாவி, பக்கத்தில் அவருக்கு வீடு கிடைக்க உதவிய கேஸ் மேனேஜர், இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல மாத அலைச்சல் இருக்கிறது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எல்லோரும் கிளம்பிப் போனபிறகு அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க அபார்ட்மென்ட் என்றால் ஃப்ரிட்ஜும் அடுப்பும் இருக்கும், தரையில் கார்பெட் இருக்கும், அவ்வளவுதான். பல வீடுகளில் ஹாலிலும் படுக்கையறையிலும் கூரையில் ஒரு விளக்குகூட இருக்காது, நாம்தான் லேம்ப் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அரசு தரும் வவுச்சர் வாடகையைக் கொடுக்கும். கட்டிலைக் கொடுக்காது. அதனால் அன்று ராத்திரி அவர் சமையலறை விளக்கை மட்டும் எரியவிட்டு, பாலத்துக்கு அடியில் விரித்த அதே ஸ்லீப்பிங் பேகைக் கார்பெட்டில் விரித்துப் படுத்துக்கொள்கிறார்.

ஹூஸ்டனில் ஒரு சின்ன தன்னார்வக் குழுவோடு சேர்ந்து, இப்படி வீடு கிடைத்தவர்களுக்குக் கட்டில், மெத்தை, மேஜை, பாத்திரம் பண்டம் கொண்டுபோய் வைக்கிற வேலையைச் சில வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். இதில் எனக்கு ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு, அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்: வீட்டுச் சாமான் என்பது வீடு கொடுத்தபிறகு யாராவது பார்த்துத் தருகிற அன்பளிப்பாக இருக்கக்கூடாது. அதுவும் வீட்டில் ஒரு பகுதி. சாவி வருகிற நாளிலேயே அதுவும் வரவேண்டும், எது வேண்டும் என்பதை அங்கே வாழப்போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

அதற்குமுன், நம்மவர்களிடம் இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "மிலிட்டரியில இருந்தவங்களுக்கு எப்படிங்க வீடு இல்லாமப் போகும்? பென்ஷன் வருமே?" ஊரில் நாம் பார்த்து வளர்ந்த மிலிட்டரிக்காரர் அப்படித்தான்: மாதாமாதம் பென்ஷன், கேன்டீன் கார்டு, கோயில் திருவிழாவில் ஒரு மரியாதை. அமெரிக்காவில் ராணுவ ஓய்வூதியம் வழக்கமாக 20 வருடம் பணி முடித்தவர்களுக்குத்தான். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு ஒப்பந்தக் காலம், அதாவது நாலு வருடமோ எட்டு வருடமோ இருந்துவிட்டு இருபதுகளிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. பணியில் ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் விஏ என்கிற முன்னாள் படைவீரர் நலத்துறை மாதப் பணம் தருகிறது, ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போய் நிற்க வேண்டும், தபாலில் வரும் கடிதத்துக்குப் பதில் போட வேண்டும். தெருவில் இருப்பவருக்குத் தபால் எந்த முகவரிக்கு வரும்? இதோடு தூக்கமில்லாத ராத்திரிகள், முதுகுவலி மாத்திரை, குடி, விவாகரத்து, வேலை போனது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். யாரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. முதலில் நண்பர் வீட்டு சோபா, அப்புறம் கார், அப்புறம் கார் பழுதாகி அதுவும் போய்விடும்.

இதைச் சரிசெய்ய நடக்கிற முயற்சி சின்னதல்ல. ஹட்-வாஷ் என்று ஒரு திட்டம் 1992-ல் சிறிய அளவில் தொடங்கி, 2008 முதல் பெரிதாக விரிந்திருக்கிறது. வீட்டுவசதித் துறை வாடகை வவுச்சர் கொடுக்கும், விஏ ஒரு கேஸ் மேனேஜரைக் கொடுக்கும், குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டினால் மீதியை வவுச்சர் பார்த்துக்கொள்ளும். "குடியை விட்டால்தான் வீடு" என்ற நிபந்தனை இதில் இல்லை, முதலில் வீடு, மற்ற சிகிச்சையெல்லாம் அந்த வீட்டில் இருந்துகொண்டே. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே ராத்திரியில் நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணுகிறார்கள், அந்தக் கணக்குப்படி 2010-ல் 74,000-க்கும் மேல் இருந்த வீடற்ற முன்னாள் படைவீரர்கள் 2024-ல் 32,882 பேராகக் குறைந்திருக்கிறார்கள். பாதிக்கும் கீழே. எங்கள் ஹூஸ்டன் 2015 ஜூனிலேயே, தெருவுக்கு வரும் எந்த முன்னாள் படைவீரருக்கும் விரைவாக வீடு கொடுக்கும் ஏற்பாடு கைவசம் இருக்கிறது என்று அறிவித்த நகரம். 2024 நிதியாண்டில் மட்டும் விஏ 47,925 பேருக்கு நிரந்தர வீடு ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனாலும் அந்த 32,882 பேரில் 13,851 பேர் ஷெல்டர் என்கிற தற்காலிகத் தங்குமிடம்கூட இல்லாமல் வெட்டவெளியில் இருந்தவர்கள், அதையும் மறக்கக்கூடாது.

இப்போது அந்த 47,925 என்ற எண்ணை வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். அத்தனை படுக்கை, அத்தனை தலையணை, அத்தனை வாணலி யாராவது கொண்டுவர வேண்டியிருக்கிறது.

"சம்பாதித்து வாங்கிக்கொள்ளட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். எஸ்எஸ்ஐ என்கிற அரசு உதவித்தொகை மட்டுமே வருமானமாக இருக்கும் ஒருவருக்கு 2025-ல் மாதம் அதிகபட்சம் 967 டாலர். வாடகைப் பங்கு போக எழுநூறு டாலருக்குக் கொஞ்சம் முன்னேபின்னே மிஞ்சும், அதில் மின்சாரம், ஃபோன், பஸ், சாப்பாடு. உணவுக்குக் கிடைக்கும் ஸ்னாப் கார்டில் சோப்போ, டாய்லெட் பேப்பரோ, பாத்திரம் கழுவும் லிக்விடோ வாங்க முடியாது, அது உணவுக்கு மட்டும்தான். இந்த நிலைமையில் மெத்தை வாங்க எப்போது பணம் சேரும்?

சேராது என்று தெரிந்துதான் வாரத் தவணைக் கடைகள் இருக்கின்றன. கையில் ஒரு டாலர்கூட வேண்டாம், இன்றைக்கே சோபாவும் கட்டிலும் வீட்டில் இறங்கும், வாராவாரம் ஒரு சின்னத் தொகை கட்டினால் போதும் என்பார்கள். கூட்டிப் பார்த்தால் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், நடுவில் இரண்டு வாரம் தவறினால் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கட்டிய பணம் போனது போனதுதான். எங்களிடம் வந்த ஒருவர் இப்படி எடுத்த படுக்கைக்குத் தவணை கட்டிக் கட்டி, வாடகைப் பங்கைக் கட்ட முடியாமல் நின்றிருக்கிறார். அந்தப் படுக்கையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, வேறொன்றை நாங்கள் கொண்டுபோய்ப் போட்டோம். சாவி கிடைத்த அன்றே அதைச் செய்திருந்தால் அவருக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது. சாமான் வரவேண்டிய நாளைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

வெறும் வீடு இன்னொன்றும் செய்யும். தெருவில் இருந்தவருக்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள், ராத்திரி பேச்சுத்துணை இருந்தது, யார் எப்போது வருவார் என்று தெரியும். இங்கே நாலு சுவர், உட்கார நாற்காலி இல்லை, சத்தம் எதிரொலிக்கிறது. பகலில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள், ராத்திரியும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், கொஞ்ச நாளில் வீடு பெயரளவுக்கு மட்டும் இருக்கும். கேஸ் மேனேஜர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

சரி, கட்டிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி அதுதான்.

மெத்தை புதிதாக இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் நல்ல பழசு போதும், ஆனால் மெத்தையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் மூட்டைப்பூச்சி. ஷெல்டரிலும் மலிவு விலை மோட்டலிலும் இருந்து வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும், புது வீட்டில் ஒரு பூச்சியைப் பார்த்தாலே தூக்கம் போய்விடும். அது ஒருமுறை கட்டடத்துக்குள் வந்துவிட்டால் பக்கத்து வீடு, மேல் வீடு என்று பரவி, வீட்டு உரிமையாளர் அடுத்தமுறை வவுச்சர் வைத்திருக்கும் ஆளுக்கு வீடு தரவே தயங்குவார். மூட்டைப்பூச்சியைக் கொல்ல சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூடு மெத்தையின் உள்வரை போக வேண்டும், நன்கொடைச் சாமான்களைச் சேர்த்து இலவசமாகத் தரும் பெரிய ஃபர்னிச்சர் பேங்குகளில் அதற்கென்று சூடேற்றும் அறை வைத்திருப்பார்கள், எங்களைப் போன்ற சின்னக் குழுவிடம் அது இல்லை. அதனால் யாராவது பணமாகத் தந்தால் அது நேராக மெத்தைக்குத்தான் போகும். பெட்டியில் சுருட்டி வருகிற ஃபோம் மெத்தை மூன்றாவது மாடிக்கு ஒருவரே தூக்கிக்கொண்டு ஏறக்கூடியது, அதற்கு ஒரு இரும்பு ஃபிரேம், மெத்தைக்கு அடியில் வைக்கும் பாக்ஸ் ஸ்பிரிங் தேவையில்லை. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை கட்டாயம். பெட்ஷீட் இரண்டு செட், ஏனென்றால் ஒன்று துணி துவைக்கும் கடையில் இருக்கும்போது இன்னொன்று வேண்டும், காசு போட்டுத் துவைக்கும் இடம் எல்லோருக்கும் பக்கத்திலேயே இருப்பதில்லை.

அளவு விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. தனி ஆள்தானே என்று ட்வின் சைஸ் போட்டுவிடுவது வழக்கம். பாரக்கிலும் ஷெல்டரிலும் ஜெயிலிலும் படுத்த அந்த ஒடுக்கமான படுக்கையையே ஐம்பது அறுபது வயது மனிதருக்குச் சொந்த வீட்டிலும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அறையில் இடம் இருந்தால் அதைவிட அகலமான ஃபுல் சைஸ் போடுகிறோம், செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

எங்கே போடுவது என்று அவரிடம் கேட்க வேண்டும். பலர் கதவு கண்ணில் படும்படி, முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி கேட்பார்கள். ஜன்னலுக்கு அடியில் வேண்டாம் என்பார்கள். காரணம் கேட்கத் தேவையில்லை, சொன்ன இடத்தில் போட்டால் போதும். தடித்த திரைச்சீலை வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள், தெருவிளக்கு வெளிச்சம் இல்லாமல் இருப்பது சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் கும்மிருட்டு ஆகாது. இன்னொன்று, கட்டில் போட்டுக் கொடுத்தபிறகும் முதல் சில வாரம் தரையிலேயே படுப்பவர்கள் இருக்கிறார்கள். ஷூவைக் கழற்றாமல் படுப்பவர்களும் உண்டு. மறுபடி போகும்போது கட்டில் விரித்தபடி கசங்காமல் இருந்தால் "ஏன் படுக்கவில்லை" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். உடம்பு மெதுவாகத்தான் நம்பும்.

படுக்கை விரிப்பதையும் அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது என்பது என் அனுபவம். எங்கள் தன்னார்வலர்களுக்கு எல்லாவற்றையும் அழகாக விரித்து, தலையணையை அடுக்கி, பார்க்க ஹோட்டல் அறைபோல் வைத்துவிட்டுப் போக ஆசை. கடற்படையில் இருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் பெட்ஷீட்டைப் பிரித்ததும், "நான் பார்த்துக்கறேன் மேடம்" என்று வாங்கிக்கொண்டார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூலைகளை 45 டிகிரிக்கு மடித்து, இழுத்து மெத்தைக்கு அடியில் செருகினார், ஒரு சுருக்கம் இல்லை. பதினெட்டு வயதில் சொல்லிக்கொடுத்தது. அவர் முடிக்கும்வரை நாங்கள் அடுப்படிப் பெட்டிகளைப் பிரிக்கப் போய்விட்டோம்.

இனி, தேர்ந்தெடுப்பது. நன்றாக நடக்கும் ஃபர்னிச்சர் பேங்குகள் ஒரு கடைபோல இருக்கும்: வீடு கிடைத்தவர் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார், பணம் மட்டும் கிடையாது. டெட்ராய்ட்டில் 2009-ல் தொடங்கிய ஹம்பிள் டிசைன் என்ற அமைப்பு, ஷெல்டரிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசி, பிடித்த நிறம், பழக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வீட்டை அமைக்கிறது. வாஷிங்டன் பக்கத்தில் எ வைடர் சர்க்கிள் என்ற அமைப்பைத் தொடங்கிய மார்க் பெர்கல், எல்லோருக்கும் படுக்கை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று தன் கட்டிலையே விட்டவர். எங்களிடம் கிடங்கு இல்லை, ஒரு கார் ஷெட்டும் வாடகை ஸ்டோரேஜ் அறையும்தான், அதனால் ஃபோட்டோ எடுத்து அனுப்பிக் கேட்கிறோம். அவரிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லையென்றால் கேஸ் மேனேஜரின் ஃபோனில் காட்டச் சொல்கிறோம்.

கேட்டால்தான் தெரிகிற விஷயங்கள் இருக்கின்றன. தரைப்படையில் இருந்த ஒருவர் சோபாவே வேண்டாம் என்றார். நல்ல சோபா, கறையில்லை, கிழிசல் இல்லை, எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவர் நிதானமாகச் சொன்னார்: "சோபா இருந்தால் என் பழைய ஆட்கள் வந்து படுப்பார்கள். அவர்களை வெளியே போ என்று என்னால் சொல்ல முடியாது. லீஸ் என்கிற வாடகை ஒப்பந்தம் என் பெயரில்தான் இருக்கிறது." ஒரு ரீக்ளைனரும் ஒரு மடக்கு நாற்காலியும் மட்டும் எடுத்துக்கொண்டார். வவுச்சரில் வந்தவர்கள் வீட்டை இழக்க இது ஒரு முக்கியக் காரணம்: அனுமதியில்லாமல் ஆட்கள் தங்குவது. தெருவில் தனக்குச் சோறு பகிர்ந்துகொடுத்தவனை மழைநாளில் எப்படித் துரத்துவது? அந்த மனிதர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், சோபாவை அவர் தலையில் கட்டியிருந்தால் அதைக் கெடுத்திருப்போம்.

அலங்காரம் பற்றி ஒரு வார்த்தை. கொடி, கழுகு, ராணுவச் சின்னம் போட்ட தலையணை, "உங்கள் சேவைக்கு நன்றி" என்று எழுதிய பலகை, இதெல்லாம் வாங்கிக்கொண்டு வர நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். மனசு நல்ல மனசு. சிலருக்கு அது உண்மையிலேயே பெருமை, சுவரில் மாட்டச் சொல்லி ஆணி கேட்பார்கள். சிலருக்கு அந்த வருடங்களைத் தினமும் காலையில் சுவரில் பார்க்க வேண்டாம். ஒரு பெண், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், எங்களிடம் கேட்டது ஒரே ஒரு செடியும் மஞ்சள் நிறத்தில் ஏதாவது ஒரு திரைச்சீலையும்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உடம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வருடக்கணக்கில் கனமான மூட்டை சுமந்து நடந்த முழங்காலும் முதுகும் ஐம்பது வயதிலேயே எழுபது வயதுபோல் இருக்கும். தாழ்வாக, பஞ்சுபோல் உள்ளே அமுங்கும் சோபா அவர்களுக்குச் சிறை மாதிரி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. உட்காரும் இடம் தரையிலிருந்து 18 அங்குலம் போல் இருந்து, கை ஊன்ற உறுதியான பிடி இருக்கும் நாற்காலிதான் நல்லது. கட்டிலும் அப்படி, உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், ரொம்ப உயரமும் வேண்டாம். விஏ இழப்பீடு கொடுக்கும் பாதிப்புகளில் முதலிடத்தில் இருப்பது காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கும் டின்னிட்டஸ். ஒரு சின்ன மின்விசிறி ராத்திரி ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சல் கொஞ்சம் அமுங்கும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஹூஸ்டன் வெயிலுக்கு மட்டுமில்லை, அதற்காகவும் ஃபேன் எங்கள் பட்டியலில் நிரந்தரமாக உண்டு. குளியலறைக்கு நாற்காலி, வாக்கர் மாதிரியான மருத்துவச் சாதனங்களை விஏ மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அங்கேயே தருவார்கள், நன்கொடைப் பணத்தை அதில் செலவழிக்கும் முன் கேஸ் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

சின்னச் சாமான்களை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் முதல் ராத்திரியில் வம்பு செய்வது அவைதான். ஷவர் கர்ட்டன் இல்லாமல் குளித்தால் தண்ணீர் வழிந்து கீழ் வீட்டுக் கூரையில் சொட்டும், குடிவந்த மறுநாளே ஆபீசிலிருந்து புகார். டாய்லெட் அடைத்துக்கொண்டால் பிளஞ்சர் வேண்டும், அது ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அடைக்கும். பல்ப், குப்பைக் கூடை, பக்கெட், துடைப்பம், துவைக்கும் பவுடர், டாய்லெட் பேப்பர், இரண்டு துண்டு, ஒரு நல்ல கத்தி. மூடி போட்ட ஒரு பாத்திரம், ஒரு வாணலி. எட்டுப் பேருக்கான டின்னர் செட் வேண்டாம், அலமாரியை அடைக்கும்.

அப்புறம் கேன் ஓப்பனர். உணவு வங்கியிலிருந்து கொடுக்கும் பையில் பாதி டின்தான், பீன்ஸ், டூனா, சூப். திறக்க ஒன்றும் இல்லாமல் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. வியட்நாம் காலத்து ஆள் ஒருவரிடம் கேன் ஓப்பனரை நீட்டியபோது, சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார், அதில் பி-38 தொங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டின் உணவோடு வீரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய, விரல் நீளம்கூட இல்லாத மடக்கு இரும்புத் தகடு அது. தெருவில் இருந்த வருடங்களில் பை, ஃபோன், அடையாள அட்டை எல்லாம் தொலைந்து, இதை மட்டும் தொலைக்காமல் வைத்திருந்திருக்கிறார். எங்கள் கேன் ஓப்பனரையும் வாங்கிக்கொண்டார்.

பூட்டு வைத்த ஒரு சின்னப் பெட்டியையும் நாங்கள் தவறாமல் சேர்க்கிறோம். டிடி-214 என்கிற பணிவிடுப்புச் சான்றிதழ் இல்லாமல் விஏ-வில் எந்த வேலையும் எளிதாக நடக்காது. அதோடு சோஷியல் செக்யூரிட்டி அட்டை, லீஸ், மருந்துச் சீட்டு. கூடாரம் நனைந்து, போலீஸ் அப்புறப்படுத்தும்போது குப்பை லாரியில் போய், இதே காகிதங்களைத் திரும்பத் திரும்ப வாங்கியவர்கள் அவர்கள். அவற்றை வைக்க ஒரு இடம் வேண்டும்.

கொடுப்பவர்களுக்கு வருகிறேன். இதை நேராகவே சொல்கிறேன். உங்கள் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தயங்கும் பொருளை இங்கேயும் அனுப்ப வேண்டாம். கால் ஆடும் மேஜை, போல்ட் தொலைந்த கட்டில், நாய் மூத்திர வாசனை அடிக்கும் சோபா இதெல்லாம் வந்தால் அதைக் குப்பைக் கிடங்கில் போட நாங்கள்தான் பணம் கட்டுகிறோம். குழந்தையோடு வருபவர்களும் உண்டு, அதனால் தொட்டில் கேட்டால் கவனம் வேண்டும்: ஒரு பக்கம் கீழே இறங்கும் பழைய வகைத் தொட்டில்களை விற்பதே 2011-லிருந்து அமெரிக்காவில் சட்டப்படி தடை, குழந்தைகள் சிக்கி இறந்திருக்கிறார்கள். இழுப்பறை வைத்த உயரமான டிரெஸ்ஸர் குழந்தைமேல் கவிழும் ஆபத்து உண்டு, அதற்கான பாதுகாப்பு விதி 2023 செப்டம்பரிலிருந்துதான் புதிய தயாரிப்புகளுக்குக் கட்டாயம், பழசைக் கொடுத்தால் சுவரோடு இழுத்துக் கட்டும் பட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.

இங்கே இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களிடம் எனக்கு ஒரு பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. வேலை மாறி வேறு மாநிலம் போகிறோம், விசா முடிந்து ஊருக்குத் திரும்புகிறோம், அப்பார்ட்மென்டிலிருந்து வீடு வாங்கிப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப் குழுவில் "மூவிங் சேல்" போட்டு, பாதி விற்று, மீதியைக் கடைசி ராத்திரி குப்பைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு விமானம் ஏறுகிறோம். நல்ல தேக்கு நிற டைனிங் டேபிள் மழையில் நனைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசு அடித்துக்கொள்ளும். பத்து நாள் முன்னால் சொன்னால் நாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருவோம். ஹூஸ்டனில் இல்லாதவர்கள் உங்கள் ஊர் ஃபர்னிச்சர் பேங்கையோ, பக்கத்து விஏ மருத்துவமனையில் வீடற்றோருக்கான பிரிவையோ கூப்பிட்டுக் கேளுங்கள், யாரிடம் கொடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள். கட்டிலைக் கழற்றும்போது திருகாணிகளையும் ஆலன் கீயையும் ஒரு ஜிப் பையில் போட்டு, ஃபிரேமிலேயே டேப் அடித்து ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே எங்களுக்குப் பெரிய உபகாரம்.

குடிவைத்துவிட்டு வந்ததோடு விட்டுவிடவும் கூடாது. முதல் நாள் "இது போதும் மேடம், வேறெதுவும் வேண்டாம்" என்பவர்கள்தான் அதிகம், கேட்டுப் பழக்கமில்லை, கேட்டால் கொடுத்ததையும் எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் உண்டு. ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போனால் பேச்சு மாறியிருக்கும். ஒரு மேஜை கிடைக்குமா, ஆன்லைனில் படிக்கிறேன். இன்னொரு நாற்காலி கிடைக்குமா, தங்கச்சி வருகிறேன் என்றாள். ரேடியோ இருந்தால் நல்லது. அதனால் நிதியில் கொஞ்சத்தை அந்த இரண்டாவது தடவைக்கென்று ஒதுக்கி வைக்கிறோம், மெத்தைக்கு அடுத்து நான் அதிகம் சண்டை போட்டு வாங்கியது அந்த ஒதுக்கீட்டைத்தான்.

இப்போது எங்களுக்கு அவசரமாக வேண்டியது ஆட்கள். சாமான் இருக்கிறது, சனிக்கிழமை என்றால் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் லீஸில் கையெழுத்தும் சாவியும் வார நாளில்தான் நடக்கும், பெரும்பாலும் மதியத்துக்குமேல், அதுவும் முந்தின நாள்தான் உறுதியாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை சாவி வாங்கியவருக்குச் சனிக்கிழமை கட்டில் கொண்டுபோனால் நடுவில் நாலு ராத்திரி தரையில் போய்விடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், ஷிஃப்ட்டில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் யாராவது வார நாளில் இரண்டு மணி நேரம் தர முடியும் என்றால் கீழே எழுதுங்கள். மாடிப்படி ஏற முடியாதவர்களும் வரலாம், பாத்திரப் பெட்டியைப் பிரித்து அடுக்கவும், அவரோடு உட்கார்ந்து எதை எங்கே வைக்கலாம் என்று பேசவும் ஒரு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.